தாராவியின் வரைபடத்தில் கலைக்கூடத்துக்கும் இடம் வேண்டும்

மும்பையின் தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் பேச்சளவைத் தாண்டிவிட்டது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்ட அதானி குழுமத்துக்கு 2023 ஜூலையில் மகாராஷ்டிர அரசு ஒப்புதல் அளித்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குச் சான்று காட்டுபவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. மாடியில் வசிப்பவர்களும் பின்னால் வந்தவர்களும் வெளியே போக வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. யாருக்கு எங்கே வீடு என்ற கேள்வி எல்லோரையும் வாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், இன்னொரு கோரிக்கையையும் நாம் முன்வைக்கிறோம். தாராவியின் பிள்ளைகளும் பெண்களும் கூடிப் படம் வரையவும், புகைப்படம் எடுக்கவும், தாங்கள் யார் என்று தாங்களே சொல்லிப் பழகவும் உதவும் கலைக்கூடங்களுக்குப் புதிய தாராவியில் நிரந்தரப் பொது இடம் ஒதுக்க வேண்டும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நிலம் ஒதுக்குவதைப் போலவே இதுவும் அரசின் கடமை.

இத்தகைய கூடங்கள் தாராவிக்குப் புதியவை அல்ல. ஹிமான்ஷு எஸ்., அக்வி தாமி ஆகிய கலைஞர்கள் நடத்திவரும் ‘தாராவி ஆர்ட் ரூம்’ குழந்தைகளுக்கும் பெண்களுக்குமானது. அதன் வேர் ‘பாம்பே அண்டர்கிரவுண்ட்’ என்ற சிறுவெளியீட்டு இயக்கத்தில் இருக்கிறது. அந்தச் சிறுவெளியீட்டின் எளிமையைப் பாருங்கள்: ஒரு வெள்ளைத்தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் அட்டையோடு சேர்த்து எட்டுப் பக்கப் புத்தகம் தயார். எழுதியதை ஜெராக்ஸ் எடுத்தால் அன்றைக்கே நண்பர்கள் கையில் கொடுத்துவிடலாம். பதிப்பாளரும் வேண்டாம், அச்சகமும் வேண்டாம். தன் சந்தையும் தன் வீட்டுச் சமையலும் புத்தகத்தில் ஏறத் தகுந்தவை என்று ஒரு பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடநூல் ஏதும் இல்லை. தாராவியின் அறுபதடி சாலையிலும் தொண்ணூறடி சாலையிலும் வளர்ந்த இளைஞர்கள் ராப் பாடத் தொடங்கியதும், யாருக்கும் காத்திராத இதே வழியில்தான். அங்குள்ள ‘டோப்அடெலிக்ஸ்’ குழுவின் குரலைக் ‘காலா’ திரைப்படப் பாடல்களில் தமிழ்நாடே கேட்டது.

2015 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்த ‘தாராவி பினாலே’ கலைக்காட்சி இன்னொரு சான்று. அதை நடத்திய ‘ஸ்நேஹா’ ஓவியச் சங்கம் அல்ல. தாய்சேய் நலத்துக்காகவும் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கவும் மும்பையில் வேலை செய்யும் சுகாதார நிறுவனம். குடியிருப்பவர்களும் கலைஞர்களும் சேர்ந்து பல மாதங்கள் பயிலரங்குகளில் உருவாக்கியவையே அங்கே காட்சிக்கு வந்தன. அவற்றுள் ஒன்று, பெண்கள் துணித் துண்டுகளை ஒட்டுத்தையல் போட்டு உருவாக்கிய தாராவியின் வரைபடம். வீட்டுக்குள் பெண்கள் பட்ட காயங்களை அந்த வரைபடத்தில் ஊசியால் குறித்தார்கள். காவல் நிலையப் பதிவேட்டில் ஏறாத அடியும் உதையும் அந்தத் துணியில் ஏறின. படித்தவர்கள் வந்து புள்ளிவிவரம் எடுத்துப் போவதற்கும், பாதிக்கப்பட்டவர்களே கூடி உட்கார்ந்து தங்கள் ஊரை வரைவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னதில் அவர்கள் தகவல். பின்னதில் அவர்கள் ஆசிரியர்கள்.

இந்த வேறுபாடு தாராவிக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? தாராவியின் முகத்தை இதுவரை வெளியூர்க்காரர்களே அதிகம் வரைந்திருக்கிறார்கள். 2008-இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ திரைப்படம் உலகத்துக்கு ஒரு தாராவியைக் காட்டியது. தாராவிக்காக வழக்காடிய ‘காலா’வுக்கே பெரும்பகுதித் தாராவியைச் சென்னையில் செட் போட்டுத்தான் எடுத்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கும்பார்வாடாவின் குஜராத்திக் குயவர்கள், கோலிவாடாவின் பூர்வகுடி மீனவர்கள், உத்தரப் பிரதேசத்துத் தையல்காரர்கள் என்று பல ஊர்கள் ஒன்றாகிக் கிடக்கும் இடம் இது. இங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், அரசு அலுவலகத்தில் மராத்தியும், புத்தகத்தில் ஆங்கிலமுமாக வளர்கிறது. தான் எந்த ஊர்க்காரன் என்று கேட்டால் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை வெட்கமாக மாற்றாமல் சொல்லாகவும் படமாகவும் மாற்றுவது கல்வியின் வேலை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, செயல்வழியிலும் தேடிக் கண்டறியும் முறையிலும் கற்பிக்க வேண்டும், இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று சொல்கிறது. பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு. ஏட்டில் உள்ள இந்த நெறிகளைக் கலைக்கூடங்கள் நடைமுறையில் காட்டுகின்றன.

குடிக்கத் தண்ணீரும் ஒதுங்கக் கழிப்பறையும் இல்லாத இடத்தில் கலை எதற்கு என்று கேட்பார்கள். வறுமையை அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி என்பதால் மதிப்புடன் பதில் சொல்ல வேண்டும். தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழ்ந்தவர் அண்ணாபாவ் சாத்தே. பள்ளிப்படிப்பு ஏறக்குறைய இல்லாத அந்தத் தலித் தொழிலாளி, முகாமின் கொசுத்தொல்லையையே பவாடா என்னும் மராத்திக் கதைப்பாட்டாகக் கட்டிப் பாடினார். அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரோடு ‘லால் பாவ்டா’ கலைக்குழு அமைத்துத் தொழிலாளர் கோரிக்கைகளை மேடையேற்றினார். பின்னாளில் மராத்தியின் பெரும் நாவலாசிரியர்களில் ஒருவராக உயர்ந்தார். தண்ணீர் கேட்கும் குரலும் பாட்டுக் கட்டும் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. தன் நிலையைத் தெளிவாகச் சொல்லக் கற்ற சமூகமே தன் பங்கை உரத்துக் கேட்கும். பிரேசிலின் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயரி தம் வாழ்நாள் முழுவதும் வாதிட்டதும் இதையே.

வெளியிலிருந்து வரும் கலைஞர் பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுவார், தாராவி பழையபடியே கிடக்கும் என்ற இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. பல இடங்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது. நிதி தீர்ந்ததும் பயிலரங்கு மூடப்படுகிறது. படம் எங்கோ ஒரு கண்காட்சியில் தொங்குகிறது. வரைந்த பிள்ளைக்கு அதன் நகல்கூடக் கிடைப்பதில்லை. இதற்குத் தீர்வு கூடத்தை மூடுவது அல்ல, கட்டுப்பாடு விதிப்பது. படைப்பின் உரிமை படைத்தவருக்கே சேர வேண்டும். மூலப்படைப்போ நகலோ தாராவியிலேயே காக்கப்பட வேண்டும். சில வாரத் திட்டங்களுக்குப் பதில் ஆண்டுக்கணக்கில் ஓடும் திட்டங்களுக்கே நிதி போக வேண்டும். கூடத்தை நடத்தும் குழுவில் பாதிப்பேராவது அங்கே குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். தமிழ், மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி என்று பிள்ளை எந்த மொழியில் வாய் திறந்தாலும் கேட்க அங்கே ஆள் இருக்க வேண்டும்.

அடையாளத்தைக் கிளறினால் பகை வளராதா என்பது மூன்றாவது அச்சம். தென்னிந்தியர்களுக்கு எதிரான 1960-களின் கொந்தளிப்பையும், 1992-93 கலவரத்தையும் கண்ட ஊரில் இந்த அச்சத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்தக் கலவரத்துக்குப் பின் தாராவியே ஒரு விடை தந்தது. பாவ் கோர்டே, வகார் கான் என்ற இரு தாராவி நண்பர்கள் மொஹல்லா அமைதிக் குழுக்களில் உழைத்ததோடு, நான்கு மதத்தவரின் உடையணிந்த நான்கு குழந்தைகளைப் படமெடுத்து, நாம் அனைவரும் ஒன்று என்ற சுவரொட்டியாகப் பரப்பினார்கள். செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆசிரியர்களாக இருந்த அஞ்சலி மொண்டேரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003-இல் எடுத்த ‘நாதா’ ஆவணப்படம் இவர்களைப் பற்றியதே. அடையாளத்தைப் பேசாமல் மூடிவைத்தால் அதை அரசியல் தரகர்கள் கையில் எடுப்பார்கள். அக்கம்பக்கத்தார் கூடிப் பேசினால் அது பரிச்சயமாகிறது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. மறுசீரமைப்புத் திட்டத்தில் கலைக்கூடங்களுக்குத் தரைத்தளத்திலேயே, வாடகையில்லாத இடத்தை மாநில அரசு எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். தாராவியை விட்டு வெளியே அனுப்பப்படுகிறவர்களின் புதிய குடியிருப்புகளிலும் அத்தகைய இடம் இருக்க வேண்டும். வேரை இழப்பவர்களுக்கே அது அதிகம் தேவை. மாநகராட்சி தன் பள்ளி அறைகளை மாலை வேளையில் இந்தக் குழுக்களுக்குத் திறந்துவிட வேண்டும். மும்பைத் தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கல்வி நிலையங்களையும் சபாக்களையும் கட்டி எழுப்பிய சமூகம் நம்முடையது. அந்த அரங்குகளின் ஒரு சுவரைத் தாராவிப் பிள்ளைகளின் படங்களுக்கும், ஒரு மாலையை அவர்களின் பாட்டுக்கும் ஆண்டுதோறும் ஒதுக்க முன்வாருங்கள். வீடு கட்ட ஒப்பந்தக்காரர்கள் போதும். ஊரின் நினைவைக் கட்டிக் காக்க அங்கே வாழ்ந்தவர்கள் வேண்டும். கட்டடங்கள் எழும்பிய பிறகு இடம் தேடிப் பயனில்லை. வரைபடம் மேசையில் இருக்கும்போதே கேட்டுப் பெற வேண்டும்.