இரண்டாம் அளவு

சில விமானங்களில் வாற்சிறகின் சாய்வை மாற்றுவது நீண்டதொரு திருகாணியும் அதிற் பூட்டிய நட்டுமாகும். 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானமொன்றைச் சோதித்தபோது, இவ்விணைப்பின் தேய்மானம் அனுமதித்த எல்லையாகிய 0.040 அங்குலத்தைத் தொட்டிருந்தது. நட்டை மாற்றவேண்டுமென முதலிற் குறித்தனர். மறுபடி அளந்தபோது 0.033 எனக் கண்டு, மாற்றாமலே விமானத்தைப் பறக்கவிட்டனர்.

2000 ஜனவரி 31 அன்று நட்டின் மரைகள் அறுந்து அது பசிபிக் கடலில் வீழ்ந்தது. 88 பேரும் மாண்டனர். கிரீஸ் போதாமையால் மரை தேய்ந்ததென்றும், கிரீஸ் இடும் இடைவெளியை நிறுவனம் நீட்டியிருந்ததென்றும் விசாரணை கண்டது.

எல்லையைத் தொட்டாலும் விதிக்கு உட்பட்டதே என வாதிடலாம். அடுத்த சோதனைவரை தாங்குமா என்பதன்றோ வினா? இரண்டு அளவுகள் முரண்பட்டால் வசதியானதை ஏற்பது சோதனையாகாது. முதலில் அளவுகோலையே ஐயுறவேண்டும். களநிலையத்திலாயினும் பள்ளி ஆய்வுக்கூடத்திலாயினும், பதிவேட்டில் முதல் அளவை அடித்துவிடாமல் இரண்டையும் எழுதி, ஒத்திவைத்தவர் கையொப்பமும் இடுதல் வேண்டும் என்பது என் கருத்து.