12 வார்த்தைகளில் இருக்கு உங்க பணம்: அதை போனில் வைக்காதீங்க!



காலேஜில் என்கூட படித்த ஒருத்தன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் சேர்த்த காசை பிட்காயினில் போட்டிருந்தான். வாலட்டின் 12 ரகசிய வார்த்தைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் வைத்தான். ஒருநாள் பஸ்ஸில் போன் போயிடுச்சு. வேறு எங்கேயும் எழுதி வைக்கல. அந்தக் காயின் இன்னைக்கும் பிளாக்செயினில் அப்படியே இருக்கு, பார்க்கலாம். ஆனா அவனால எடுக்க முடியாது. பேங்க் மேனேஜரிடம் போய் நிற்கலாம்னா, இதில் மேனேஜரே கிடையாது.

கிரிப்டோ வாங்குங்கன்னு சொல்ல இந்தப் பதிவு இல்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் நம்ம பசங்களுக்காக.

"எக்ஸ்சேஞ்ச் ஆப்பில்தானே இருக்கு, பயமில்லை" என்பவர்கள் 2024 ஜூலை 18-ஐ நினைத்துப் பாருங்கள். வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலருக்கு மேல் திருடு போனது. பணம் போட்டவர்கள் ஒரு வருஷத்துக்கும் மேல் காத்துக் கிடந்தார்கள். எக்ஸ்சேஞ்சில் சாவி அவர்கள் கையில். உங்களிடம் இருப்பது வெறும் லாகின்தான்.

அரசு என்ன செய்கிறது? 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30% வரி. அதே வருஷம் ஜூலை முதல் 1% டிடிஎஸ். ஒரு காயினில் நஷ்டம் வந்தால் இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. வரி வாங்கத் தெரிந்தவர்களுக்கு, திருடு போனால் பாதுகாக்க ஒரு தனிச் சட்டம் கொண்டுவரத் தெரியலையா? கிரிப்டோவும் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சொத்து என்றால் பாதுகாப்பும் வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை நம்ம பூட்டை நாமதான் போடணும்.

என்ன செய்யணும்?

👉 12 அல்லது 24 வார்த்தைகளையும் வரிசை மாறாமல் பேனாவால் பேப்பரில் எழுதுங்க. போட்டோ, வாட்ஸ்அப், ஜிமெயில், கூகுள் டிரைவ் எதுவும் வேண்டாம். நெட்டைத் தொட்ட நிமிஷமே அது ரகசியம் இல்லை.

👉 இரண்டு பிரதி, இரண்டு இடம். ஒன்று உங்க வீட்டில், இன்னொன்று ஊரில் அம்மா பீரோவிலோ பேங்க் லாக்கரிலோ. 2015 சென்னை வெள்ளத்தில் எத்தனை வீட்டுப் பத்திரம் நனைந்து போச்சு? தொகை பெரிசுன்னா ஸ்டீல் தகட்டில் பொறித்து வையுங்க. தண்ணிக்கும் தீக்கும் தாங்கும்.

👉 ஹார்டுவேர் வாலட் வாங்கினால் தயாரிப்பு நிறுவனத்திடமே நேரடியாக வாங்குங்க, செகண்ட் ஹேண்ட் வேண்டாம். பெட்டிக்குள் வார்த்தைகள் ஏற்கெனவே அச்சடித்து வந்தால் அது மோசடி. வார்த்தைகளை உங்க கண் முன்னாடி அந்தக் கருவிதான் உருவாக்கணும்.

👉 முதலில் சின்னத் தொகை அனுப்புங்க. கருவியை அழித்துவிட்டு, எழுதின வார்த்தைகளை வைத்துத் திரும்பக் கொண்டுவந்து பாருங்க. பணம் தெரிந்தால் மட்டும் மீதியை மாற்றுங்க. இதைச் செய்யாத பேக்கப், பேக்கப்பே இல்லை.

👉 அந்தப் பேப்பர் எங்கே இருக்குன்னு வீட்டில் நம்பிக்கையான ஒருத்தருக்குத் தெரியணும். நாளைக்கு நமக்கு ஒன்னு ஆனா, குடும்பம் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. "கஸ்டமர் கேர்"னு சொல்லி இந்த வார்த்தைகளை யார் கேட்டாலும் அவன் திருடன். விதிவிலக்கே கிடையாது. ஏமாந்துட்டீங்கன்னா வெட்கப்படாம உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.

வேல்ஸ் நாட்டில் ஒருத்தர் 2013-ல் சுமார் 8,000 பிட்காயின் இருந்த ஹார்டு டிஸ்க் குப்பைக்குப் போய்விட்டது என்று வருஷக்கணக்கில் கோர்ட் ஏறி இறங்கினார். குப்பைமேட்டைத் தோண்ட அனுமதியே கிடைக்கல. நமக்கு ஒரு பேப்பரும் பேனாவும் அரைமணி நேரமும் போதும்.

இன்னைக்கு ராத்திரியே எழுதுங்க. கிரிப்டோ வைத்திருக்கும் ஒரு நண்பருக்காவது இதைப் பகிருங்க.

#நம்பணம்_நம்சாவி