கேட்கப்படாத பாட்டன்

சுவா சூ காங் இடுகாட்டில் ஓர் உடல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் உறங்குவதற்கு உறுதி இல்லை. 1998 முதல் நடப்பிலுள்ள விதி அது. பின்னர்க் குழி தோண்டப்படும். சமயம் இடந்தந்தால் எலும்பு எரியூட்டப்படும், இல்லையேல் சிறியதோர் இடத்தில் மீண்டும் புதைக்கப்படும். இரக்கமற்ற விதி என்று இதனைப் பழிப்பார் உளர். ஆயினும், தோண்டுமுன் அரசு ஓர் அறிவிப்பு விடுக்கிறது. 'இவருக்கு உரியவர் எவர்?' என்று கேட்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தம் பாட்டன்மாரைப் பற்றி அந்த ஒரு கேள்வியைக்கூட எண்பது ஆண்டுகளாகக் கேட்டதில்லையே!

சயாம்–பர்மா இரயில் பாதையையே இங்குக் குறிப்பிட வேண்டும். பான் பொங் முதல் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர் சப்பானியர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கூலி ஆசை காட்டியும், பின்னர் வலிந்தும் கொண்டுசெல்லப்பட்டனர். இலவசத் திரைப்படம் என்று அழைத்து, கொட்டகை நிறைந்ததும் கதவடைத்து, ஆடவரை இரயிலேற்றிய கதையும் உண்டு. ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் என்றும், மாண்டவர் தொண்ணூறாயிரம் என்றும் மதிப்பிடுவர். மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்தவர் எவருமிலர்.

படம் காட்டிப் பிடிக்கப்பட்டவர்களைப் படமே மறைத்த விந்தையைக் கேளுங்கள். 1957 இல் வெளிவந்த டேவிட் லீனின் 'குவாய் ஆற்றுப் பாலம்' இலங்கையில் எடுக்கப்பட்டது. உலகமே கண்டு கைதட்டிய அப்படத்தில் கர்னல் இருக்கிறார், பாலம் இருக்கிறது. வாந்திபேதியில் செத்த தோட்டத் தமிழன் இல்லை. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. சுவா சூ காங்கிற்கு அண்மையிலுள்ள கிராஞ்சி நினைவகச் சுவர்களில், கல்லறையில்லாத வீரர் 24,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கூலிக்கு ஏது சுவர்? ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993 இல்தான் நூலாயிற்று. தமிழர் முயற்சியால் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுந்ததோ 2023 இல்!

நிற்க. 'போனது போகட்டும், பழம்புண்ணைக் கிளறுவானேன்?' என்பார் பலர். கிளறாத புண் ஆறிவிட்டது என்று இவர்களுக்கு யார் சொன்னது? இழந்தவரோடு எதை இழந்தோம் என்றே அறியாத துயரம் உள்ளுக்குள் திரும்பி மனிதனை அரிக்கும் என்று 1917 இலேயே எழுதினார் பிராய்டு. பாரிசில் வாழ்ந்த நிக்கொலாஸ் ஆபிரகாமும் மரியா தோரோக்கும் இன்னும் ஆழம் சென்றனர். முன்னோர் மூடிவைத்த இரகசியம் பின்வந்தோர் மனத்தில் பேயாய்க் குடியேறும். பேசப்படாமல் விட்ட இடைவெளியே அந்தப் பேய் என்றனர். காரணம் கூறாமல் சோற்றுப் பானையைப் பூட்டிவைக்கும் பாட்டி, இரயில் ஓசை கேட்டால் எழுந்து போய்விடும் தந்தை, இவர்கள் நடுவே வளரும் பிள்ளை அச்சத்தைக் கற்கிறது; அதன் பொருளைக் கற்பதில்லை.

'துயரம் குருதியிலேயே வருகிறது' என்று மரபணுவின் தலையில் பழியைப் போடுவது அண்மைக்கால நாகரிகம். மனிதரிடத்தில் அது இன்னும் வழக்கிலுள்ள ஆராய்ச்சி. முடிந்த முடிபு அன்று. குருதியில் வருவதென்றால் எவர்க்கும் பொறுப்பில்லை என்ற வசதி அதில் இருக்கிறது. மௌனத்தால் வருவதென்றால், மௌனம் காத்தவர் விடை கூறியாக வேண்டும்.

விடை கூற வேண்டியோருள் தமிழாசிரியரும் ஒருவர். நடுகல்லுக்குத் தொல்காப்பியம் வகுத்த ஆறு துறைகளையும் கரும்பலகையில் எழுதி விளக்குகிறார். ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கண் கலங்குகிறார். மறுநாள் குடும்ப மரம் வரைந்துவரச் சொல்கிறார். மாணவன் பூட்டன் பெயருக்குரிய கட்டத்தில் 'சயாமுக்குப் போனார்' என்று மட்டும் எழுதி வருகிறான். ஆசிரியரோ 'போனார்' என்பதன் ஒற்றுப்பிழை பார்க்கிறார், பிழையில்லை. சரி என்று சிவப்பு மையால் குறியிட்டு, அடுத்த ஏட்டை எடுக்கிறார்.