கிளம்பாத டிராக்டர்

சென்ற ஐப்பசியில் ஊத்துக்குளிக்கு அருகே பெரியப்பாவின் தோட்டத்தில் இருந்தேன். முந்தைய இரவு நல்ல மழை. மானாவாரி நிலத்தில் ஈரம் காய்வதற்குள் உழுது சோளம் விதைத்தாக வேண்டும். தட்டு இல்லையென்றால் எருமைகளுக்குத் தீனியில்லை. ஊத்துக்குளி வெண்ணெயின் கீர்த்தி இப்படிப்பட்ட ஓரிரு நாள் ஈரத்தில்தான் நிற்கிறது. டிராக்டரோ கிளம்பவில்லை.

மெக்கானிக் மறுநாள் மாலைதான் வர முடிந்தது. அதற்குள் பேட்டரியை மாற்று, செல்ஃப் மோட்டாரை மாற்று என்று ஆளுக்கொரு யோசனை. வந்தவர் எதையும் மாற்றவில்லை. சாவியைத் திருப்பிவிட்டுக் காது கொடுத்தார். இன்ஜின் வேகமாகவே சுற்றியது. ஆகவே பேட்டரியின் மீது பழியில்லை. சைலன்சரில் துளிப் புகையும் இல்லை. ஆகவே டீசல் உள்ளே போகவில்லை.

"ஏனுங்க பெரியவரே, டேங்க் வத்தற வரைக்கும் ஓட்டுனீங்களா?"

பெரியப்பா தலையாட்டினார். டீசல் தீர்ந்து குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால், பிறகு டேங்கை நிரப்பியும் பயனில்லை. பம்பு காற்றையே அமுக்கிக்கொண்டிருக்கும். ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். நுரை வந்தது. நுரை நின்று தெளிந்த டீசல் வழிந்ததும் திருகை முடுக்கினார். கால் மணி நேர வேலை. அதற்காக ஒன்றரை நாள் ஈரம் போயிற்று.

நுகத்தடி முதல் கொழு வரை ஒவ்வொன்றுக்கும் பெரியப்பாவிடம் சொல் உண்டு, பழுதுக்கும் உண்டு. இருபது வருடங்களாக ஓட்டும் டிராக்டருக்கு இல்லை. டீசல் இன்ஜினில் தீப்பொறிப் பிளக் கிடையாது, அமுங்கிய காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றுகிறது, எனவே கேட்க வேண்டிய கேள்விகள் மிகச் சில என்பதை யாரும் அவருக்குத் தமிழில் சொன்னதில்லை. சொல்லக்கூடிய பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பின்னல் எந்திரங்களின் பழுது பார்க்கிறார்கள்.

எழுதுகிற நம் மீதும் எனக்கு வருத்தமுண்டு. நான் வாசித்த கிராமத்துக் கதைகளில் டிராக்டர் பெரும்பாலும் மாட்டை விரட்ட வந்த வில்லன். அதன் மூடியைத் திறந்து பார்த்த கதை நினைவில் இல்லை. ராபர்ட் பிர்சிக் 1974இல் மோட்டார் சைக்கிள் பராமரிப்பைக் கொண்டே ஒரு தத்துவ நாவல் எழுதினார். பிர்சிக்கை வியந்து பேசுகிற நாம், மோட்டார் சைக்கிளை அக்கக்காகப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்ற கோவை ஜி.டி. நாயுடுவை (1893-1974) வெறும் விசித்திர மனிதராகவே நினைவில் வைத்திருக்கிறோம்.

அன்றிரவே விளக்குப் போட்டு உழுதார் பெரியப்பா. இப்போது அந்தத் திருகுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்.