என் பிள்ளையின் முடியை வைத்து என்ன செய்தீர்கள்?

வயிறு எரிகிறது ஐயா. ஆட்டிசம் என்று கேட்டுத் திக்குத் தெரியாமல் நின்றவளிடம், "முடியைக் கொடுங்கள், உடம்பில் எந்தத் தாது கூட, எது குறைச்சல் என்று சொல்லிவிடுவோம்" என்றீர்கள். தலையைத் தொட்டாலே துடித்துப்போகிற பிள்ளை. அவன் அப்பா மடியில் அமுக்கிப் பிடிக்க, பிடரியில் கத்தரி வைத்தீர்கள். வந்த தாளில் ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் நீளமாகச் சிவப்புக் கோடு. துத்தநாகத்துக்குக் கட்டைக் கோடு. அந்தச் சிவப்பைக் காட்டித்தானே என் நகையை அடகுக் கடைக்கு அனுப்பினீர்கள்?

ஒரே ஆளின் முடியைப் பிரித்து அமெரிக்காவில் ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று ஒத்தே வரவில்லை. 2001லேயே மருத்துவ இதழில் வந்த சேதி. போர் தண்ணீரும் ஷாம்புவும்கூட முடியின் கணக்கை மாற்றிவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா? ஆட்டிசப் பிள்ளைகளுக்குத் துத்தநாகம் சராசரியில் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்வது மெய்தான். ஊர்ச் சராசரியை வைத்து என் மகனுக்கு மருந்துச் சீட்டு எழுதலாமா?

அதோடு விட்டீர்களா? கீலேஷன் ஏற்றி உலோகத்தை உருவி எடுத்துவிடலாம் என்றீர்கள். 2005இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயது ஆட்டிசச் சிறுவன் அந்தச் சிகிச்சையில்தான் செத்தான். ஏற்றிய மருந்து ரத்தத்திலிருந்த கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது, இதயம் நின்றுபோனது. வேறொரு மருத்துவர் சொல்லித்தான் எனக்கு அது தெரியும். கையெழுத்துக் கேட்டு நீட்டிய உங்கள் காகிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி உண்டா?

என் மகன் தயிர்சாதமும் பிஸ்கட்டும் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டான். ராத்திரியெல்லாம் காலை உதைத்துக்கொண்டே கிடப்பான். அவன் என்ன சாப்பிடுகிறான் என்று நீங்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லையே! அரசு ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை மருத்துவர் கேட்டார். ரத்தம் எடுத்து ஃபெரிட்டின் பார்த்தார். இரும்புச் சத்து அடிமட்டத்தில் கிடந்தது. டானிக் கொடுத்தபின் பிள்ளை கொஞ்சம் தூங்குகிறான். ஆட்டிசம் போகவில்லை, போகும் என்று அவர் சொல்லவும் இல்லை. உங்கள் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் இரும்பு "சரியான அளவு" என்று போட்டிருக்கிறது. பாவிகளா!

நேற்று தெரபி வாசலில் ஒரு பெண் அதே சிவப்புக் கோட்டுத் தாளோடு நின்றாள். கீலேஷனுக்கு முன்பணம் கட்டிவிட்டாளாம், மீதிக்கு வளையலை விற்கப் போகிறாளாம். கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் அவளோடு நானும் வருகிறேன். அவள் பணத்தை எடுத்து வையுங்கள்.