பட்டம் கைக்கு வருமுன் பாதை தெரியட்டும்



மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் பலர் பி.பார்ம் படிப்பில் சேர்கின்றனர். "பட்டம் வாங்கிய பின் பார்த்துக் கொள்ளலாம்" என்று எண்ணியே நான்கு ஆண்டுகளையும் கழித்துவிடுவோர் அவர்களுள் உண்டு. பார்ப்பதற்குரிய காலம் படிக்கும் காலமேயாகும்.

முதலாவது, சேருமுன் கல்லூரியை விசாரியுங்கள். இந்திய மருந்தியல் கவுன்சிலின் ஒப்புதல் அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்கு உண்டா என்பதே தலையாய கேள்வி. ஒப்புதல் இல்லாத படிப்பால் மாநில கவுன்சிலில் மருந்தாளுநராகப் பதிவு பெற இயலாது. கட்டிய பணமும் போன ஆண்டுகளும் திரும்பி வாரா.

இரண்டு ஆண்டு டி.பார்ம் முடித்து, 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் பெற்று, பதிவுக்குரிய மற்ற விதிகளையும் நிறைவு செய்தவர் பதிவு செய்து கொண்டு மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ பணி ஏற்கலாம். மேலே படிக்க விரும்பினால் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரவும் வழியுண்டு. 2008-ல் தொடங்கிய பார்ம்.டி, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி உட்பட ஆறு ஆண்டுப் படிப்பு. நோயாளியின் அருகிருந்து மருந்தின் பயனையும் தீங்கையும் கவனிக்க விழைவோர்க்கு அது ஏற்றது.

பி.பார்ம் மாணவரே! முதல் ஈராண்டுகளில் வேதியியலையும் உடலியங்கியலையும் வேரூன்றக் கற்றுக் கொள்ளுங்கள். ஆறாம் பருவத்துக்குப் பின் நான்கு வாரம், 150 மணி நேரம் வெளிப்பயிற்சி உண்டு. கையொப்பம் மட்டும் வாங்கி வருவதற்கு ஏற்பட்டதன்று அது. மருந்துத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுக் கூடம், மருத்துவமனையின் மருந்தகம் ஆகியவற்றுள் எதில் மனம் ஈடுபடுகிறது என்பதைக் கண்டறியும் வாய்ப்பு அதுவே. எம்.பார்ம் பயில எண்ணுவோர் இறுதியாண்டிலேயே ஜிபேட் தேர்வெழுதலாம். மருந்து ஆய்வாளர் பணியை நாடுவோர், டிப்ளமா போதாது, பட்டம் வேண்டும் என்பதை நினைவிற் கொள்க. மருந்துகளின் பக்க விளைவுகளைத் திரட்டி ஆராயும் மருந்துக் கண்காணிப்புத் துறையும் இன்று வேலை தருகிறது. இதற்கென நாடு தழுவிய திட்டம் 2010-ல் நம் நாட்டில் தொடங்கப்பெற்றது.

இனி, வருத்தத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று. பதிவுச் சான்றிதழைக் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மாதந்தோறும் ஒரு தொகை பெற்றுக்கொண்டு, தாம் வேறெங்கோ இருக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. "சும்மா கிடக்கும் சான்றிதழ்தானே?" என்பர். மருத்துவர் எழுதிய சீட்டுக்குரிய மருந்தைக் கடையில் பதிவு பெற்ற மருந்தாளுநரே வழங்க வேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். பெயர் ஒத்திருக்கும் வேறொரு மாத்திரையைப் படிப்பறியாத கை எடுத்துக் கொடுத்தால், உயிருக்கு யார் பொறுப்பு? சுவரில் தொங்குவது உங்கள் பெயரல்லவா? பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படவும் கூடும். உழையாமல் வரும் அந்தச் சிறு தொகை ஆகுமான சம்பாத்தியம்தானா என்று உங்கள் நெஞ்சையே கேளுங்கள்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்ல எண்ணுவோர்க்கும் இதிற் பாடம் உண்டு. அங்கே உரிமத் தேர்வு உண்டு. கல்விச் சான்றையும் அனுபவச் சான்றையும் அவற்றைக் கொடுத்த இடத்திலேயே கேட்டுச் சரிபார்ப்பர். கடையில் நில்லாமல் பெற்ற அனுபவச் சான்று அங்கே செல்லாது.

பெண் மக்களைப் பெற்றோரே! மகள் மருந்தியல் முடித்ததும் திருமணம் பேசுகிறீர்கள், நன்று. அதற்கு முன்னரே அவள் பெயரைக் கவுன்சிலில் பதிவு செய்துவிடுங்கள். குறித்த காலத்தில் அதைப் புதுப்பித்து வருவதும் அவசியம். குடும்பத்துக்கு ஒரு நெருக்கடி நேரும் நாளில், பெட்டியிலிருக்கும் நகையைப் போல் அப்பதிவு அவளுக்குக் கை கொடுக்கும். நகையை விற்றால் தீர்ந்துவிடும். கற்ற தொழில் தீராது.

இன்றிரவே பிள்ளையை அருகழைத்து, "எந்தத் துறைக்குப் போக விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். விடை தெரியவில்லை என்றால் கடிந்து கொள்ளாதீர்கள். அடுத்த விடுமுறையில் ஒரு மருத்துவமனை மருந்தகத்துக்கு அனுப்பிப் பாருங்கள்.