எர்த்தைக் கழட்டும் வைத்தியம்

அவனைப் (ஆளில்லை, கேக் சுடும் அடுப்பு!) போட்டதும் ஆர்.சி.சி.பி. டப்பென்று விழுந்தால் நம்மூர் வைத்தியம் ஒன்றுதான்: "எர்த் ஒயரைக் கழட்டி விட்ருங்க சார்!" அக்காவின் புது வீட்டுக்கு வந்த ஒயர்மேனும் இதையே சொன்னார். நான் விடவில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்து உயிரைக் காக்கும் கருவி அது. எர்த் போனால், கசிவு அக்கா கை வழியாகத்தானே இறங்கும்?

வீடு கட்டி முடியும்வரை அட்டைப்பெட்டியில் கிடந்த அவன். எலிமெண்டுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் குடிக்கும். மல்டிமீட்டர் இதைக் காட்டாது. 1000 வாட் எலிமெண்டுக்கு 53 ஓம்ஸ் என்று நல்ல பிள்ளையாகச் சொல்லும். பிளக்கைப் பிடுங்கி, எலிமெண்டுக்கும் பாடிக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்தேன். கீழ் எலிமெண்ட் மாட்டிக்கொண்டது! லேபில் மார்க்குக்காகச் சுற்றுகிறோமே, அதே மெக்கர்தான். எலிமெண்டை மாற்றினோம், பிரேக்கர் நின்றது.